முன்பாரம்

போன வாரம் தருமபுரியில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். வழியில் ஒரு டிராக்டர் கடை. வாசலில் ஒரு மினி டிராக்டர் மாலையும் சந்தனமுமாக நின்றது. யாரோ அன்றைக்கு டெலிவரி எடுக்க வரப்போகிறார்கள் போலிருக்கிறது. கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் எனக்கு எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், வண்டியின் மூக்குக்குக் கீழே கனத்த இரும்புப் பலகைகளை வரிசையாக மாட்டியிருந்தார்கள். கடைக்காரத் தம்பி என்னைக் கிராக்கி என்று நினைத்து வேகமாக வெளியே வந்தார்.

"இது என்னங்க தம்பி, இத்தன இரும்பு?"

"ஃப்ரண்ட் வெயிட்டுங்கம்மா. பின்னால லோடு தூக்குனா முன்னால எந்திரிச்சுக்காம இருக்கறதுக்கு."

"அட பாவமே, அது என் வேலையாச்சே!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து இண்டூர் வரும்வரை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, "கண்ணு ஆபரேசனுங்களா?" என்று கேட்டது. ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

நான் குண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் மற்றது எதுவும் உங்களுக்குப் புரியாது. இப்போது சர்க்கரை வந்து கொஞ்சம் வற்றிப்போயிருக்கிறேன். அந்தக் காலத்தில் பார்த்திருக்க வேண்டும், பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான் உட்கார்ந்தால் இன்னொருவருக்குத்தான் இடம். போதாக்குறைக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை. "முட்டையெல்லாம் எங்க போவுதுன்னு இப்பத்தான தெரியுது" என்று ஊரில் யாராவது ஒருவர் சொல்லாமல் ஒரு வாரம் போகாது. நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து இரண்டு தோசையைக் குறைத்துக்கொள்வேன். ராத்திரி பசி தாங்காமல் அந்த இரண்டையும் சாப்பிட்டுவிடுவேன் என்பது வேறு விஷயம்.

என் வீட்டுக்காரர் ஒல்லி. மினி டிராக்டர் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி வைத்திருந்தார். எங்கள் பக்கம் மாந்தோப்பும் மல்பெரித் தோட்டமும் அதிகம். பெரிய டிராக்டர் மரங்களுக்கு நடுவே நுழையாது, இது பூனை மாதிரி புகுந்து வந்துவிடும். ஓட்டுகிற வேலைக்குக் குறைவில்லை. வண்டிக்குப் பின்னால் கலப்பை மாட்டுவதற்கு இரண்டு இரும்புக் கைகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். சீட்டுக்குப் பக்கத்தில் உள்ள லீவரை இழுத்தால் அந்தக் கைகள் மேலே எழும், தள்ளினால் இறங்கும். லிஃப்ட் என்பார்கள். இண்டூர் பட்டறையில் பழைய போர்வெல் பைப்பை வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்து, அந்தக் கைகளோடு மாட்டுகிற மாதிரி ஒரு நீளமான கொம்பு செய்துகொண்டு வந்தார் இவர். நுனியில் கொக்கி. தும்பிக்கை என்று அதற்குப் பெயரும் வைத்தார். அவ்வளவுதான், கலப்பை வேலையைவிடத் தூக்குகிற வேலை அதிகமாகிவிட்டது. கிணற்று மோட்டார், வேலிக்கு நடுகிற கல்லுக்கால், ஆட்டுக்கல், எதுவாக இருந்தாலும், "தும்பிக்கையக் கொண்டாங்க" என்று ஆள் வந்துவிடும்.

கொம்பு நீளம் என்பதால் பின்னால் பாரம் ஏற ஏற முன் சக்கரம் தரையைவிட்டுக் கிளம்பும். ஒருநாள் வெட்டிப்போட்ட புளியமரத் துண்டைத் தூக்கும்போது வண்டியின் மூஞ்சி வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. "யாராச்சும் முன்னால ஏறுங்கப்பா!" என்று கத்தினார். எங்கள் பக்கத்துக் காட்டுக்கார மாது ஓடிப்போய் ஏறினான். மாதுவும் ஒல்லிதான், அவன் ஏறியதே வண்டிக்குத் தெரியவில்லை. நான் மோர் கொண்டுபோயிருந்தேன். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, வெட்கத்தை விட்டு, பம்பரில் கால் வைத்து பானட்டின் மேல் ஏறி உட்கார்ந்தேன். மூஞ்சி தொப்பென்று தரைக்கு வந்துவிட்டது. புளியமரத் துண்டும் எழும்பிற்று. நின்றிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. என் உடம்பைப் பார்த்து யாரும் கை தட்டி நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும், "வெயிட்டு நம்மூட்டுலயே இருக்குதுங்க, தனியா எதுக்கு?" என்பார் இவர். மணல் மூட்டை கட்டலாம்தான். கட்டி அவிழ்ப்பதற்குள் பொழுது போய்விடும், நான் என்றால் ஏறி உட்கார்ந்தால் வேலை முடிந்தது. சாக்கை மடித்துப் போட்டு அவரைப் பார்த்தபடி சம்மணம் போட்டு உட்காருவேன். அவர் உடம்பைத் திருப்பிப் பின்னால் பாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குத் தெரிவது அவருடைய பிடரியும் ஒரு காதும்தான். கீழே எஞ்சின் தடதடவென்று அடிக்கும், பானட் சூடு சாக்கைத் தாண்டி ஏறும், புடவையெல்லாம் டீசல் வாசம். எத்தனை சீயக்காய் போட்டாலும் போகாது.

எங்கள் மகளுக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது. ஒரே மகள், பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். தருமபுரியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். நான் பானட்டில் உட்கார்ந்திருப்பதைப் போனில் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பாள். "எங்கம்மா எறங்குனா எங்கப்பா பறந்துடுவாரு" என்று அதன் கீழே எழுதியிருந்தாள் ஒருமுறை. நான் அடிக்கப் போனால் தொழுவத்துக்கு ஓடிப்போய் மாட்டுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். அந்த மாடு அவளுடையது. தாய் செத்துப்போன கன்று. பாட்டிலில் பால் ஊற்றி வளர்த்தாள். பிஸ்கட் கலரில் இருக்கிறதென்று அதற்குப் பிஸ்கட் என்றே பெயர் வைத்தாள். மாட்டுக்கு வைக்கிற பெயரா அது என்று கேட்டால், "லட்சுமின்னு வச்சா ஊருல நாப்பது மாடு திரும்பிப் பாக்கும்மா" என்பாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி அவள் தெருமுனையில் திரும்பும்போதே தொழுவத்திலிருந்து சத்தம் வரும். அவளுக்குச் சோறு போட வேண்டும் என்று எனக்கு ஞாபகம் வருவது அதைக் கேட்டுத்தான்.

பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தருமபுரிக்குக் கொண்டுபோனோம், அங்கிருந்து சேலத்துக்கு. அந்தக் காய்ச்சல் அவளோடுதான் போனது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு இவர் வேலைக்குப் போகவில்லை. தொழுவத்திலேயே கிடந்தார். பிஸ்கட்டுக்குச் சீப்பு போட்டார், ஈ ஓட்டினார், சினை ஊசி போட்டுக் கொண்டுவந்தார். தரை மண்ணாக இருக்கிறது, சேறாகிறது, பாப்பாவின் மாடு சேற்றில் படுப்பதா என்று தோன்றியிருக்கிறது. கொத்தனாரைக் கூட்டிவந்து சிமெண்ட் போட்டார். தொழுவத்துக்குச் சொரசொரவென்று கோடு இழுத்துத்தான் விடுவார்கள். இவர் பக்கத்தில் நின்று, "வூட்டுத்தரை மாதிரியே இழைங்க" என்று சொல்லி, பால் பவுடர் கொட்டினால் அள்ளிக்கொள்ளலாம் என்கிற மாதிரி வழவழவென்று ஆக்கிவிட்டார். கொத்தனார் வேண்டாமென்றுதான் சொன்னார். நானும் சொன்னேன். கேட்கிற நிலையில் அவர் இல்லை. அழுகிறதுக்குப் பதிலாகத் தரை இழைக்கிறார் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன்.

பிஸ்கட் அந்தத் தரையில்தான் கன்று போட்டது. கன்று நன்றாக இருந்தது. மறுநாள் காலையில் பிஸ்கட் எழுந்திருக்கப் பார்த்திருக்கிறது, ஈரத்தில் பின்னங்கால் இரண்டும் இரண்டு பக்கமாக விரிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டது. நாங்கள் போனபோது எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் தூக்கிற்று. மாட்டு டாக்டர் வந்து கால்சியம் பாட்டில் ஏற்றினார். "எலும்பு முறியலைங்க. ஆனா படுத்தே கெடந்தா தொடை செத்துப்போயிடும். தெனமும் காலைலயும் சாயங்காலமும் தூக்கி நிறுத்துங்க. நாலு காலும் தரையில படணும். தானா ஊனுச்சுன்னா பொழச்சுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் போனதும் இவர் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "நாந்தாம்புள்ள வழுக்க வுட்டேன்" என்றார். பாப்பா போன பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். எழுந்துபோய் வண்டிக்குத் தும்பிக்கையை மாட்டினார்.

கயிறு போட்டால் வயிற்றை அறுத்துவிடும். ரேஷன் சாக்குகளை மடித்து அகலப் பட்டையாகத் தைத்தேன். உள்ளே மெத்தென்று வைக்கத் துணி வேண்டும். பழைய துணி தேடி அலைந்து கடைசியில் பாப்பாவின் பெட்டியைத் திறந்தேன். அதுவரை நாங்கள் இரண்டு பேரும் தொடாத பெட்டி. அவளுடைய துப்பட்டாக்களையெல்லாம் எடுத்து அடுக்கி வைத்துத் தைத்தேன். பட்டையை வயிற்றின் கீழே கொடுக்கும்போது பிஸ்கட் கழுத்தை வளைத்து அதை முகர்ந்து பார்த்தது. இவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

தொழுவத்தை விட்டு வெளியே மண்தரைக்கு இழுத்துவந்துதான் தூக்கினோம். மாது வாலைப் பிடித்துக் கால்களைச் சரியாக வைப்பான். இவர் லீவரில். நான் என் இடத்தில். பழைய வண்டி, எஞ்சினை நிறுத்தினால் லிஃப்ட் மெல்ல மெல்ல இறங்கிவிடும். அதனால் தூக்கியிருக்கிற நேரம் முழுக்க எஞ்சின் ஓடவேண்டும், அவர் திரும்பிப் பார்த்தபடி லீவரைச் சரிசெய்துகொண்டே இருக்கவேண்டும். நான் இறங்கவே முடியாது. நான் இறங்கினால் வண்டி பின்னால் சாயும், மாடு கீழே விழும். அதனால் பிஸ்கட்டைத் தூக்கி நிறுத்துகிற ஒவ்வொரு தடவையும் அங்கே இருந்தவள் நான், அது நிற்பதை ஒரு தடவைகூடப் பார்க்காதவளும் நான். அவருடைய முதுகு மறைக்கும்.

"ஏங்க, நிக்குதா?" என்று எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்துவேன்.

"நிக்குது, நிக்குது."

"கால ஊனுதா?"

"ஊனுதும்புள்ள!"

"மாது, நெசமாவா?"

"ம்... நிக்குதுங்கக்கா."

இங்கேதான் நான் உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எடையைப் பற்றி எனக்கு யாரும் பொய் சொல்லமுடியாது. வாழ்நாள் முழுக்க அதோடு குடித்தனம் நடத்துகிறவள். பின்னால் பாரம் தொங்கினால் எனக்குக் கீழே வண்டி லேசாகி, முன் டயர் தரையில் பட்டும் படாமலும் துடித்துக்கொண்டிருக்கும். மாடு தன் காலில் தானே நின்றால் பாரம் விட்டுப்போய், மூஞ்சி அழுத்தமாகத் தரையில் உட்காரும். பார்க்க வேண்டியதே இல்லை. உட்கார்ந்திருக்கிற எனக்குத்தான் அது முதலில் தெரியும். அது உட்காரவே இல்லை. அவர் "ஊனுது" என்று சொல்லும்போதெல்லாம் எனக்குக் கீழே டயர் துடித்துக்கொண்டுதான் இருந்தது.

நான் சொல்லவில்லை. "அப்படியா, சாமி புண்ணியம்" என்று கத்துவேன். அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டு, இந்த மனுசன் எனக்காகப் பொய் சொல்கிறார், அவருக்காக நான் நம்புகிறேன், இதுவும் ஒரு குடும்பம்தானே என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரே ஒரு சாயங்காலம் வண்டியின் மூஞ்சி உட்கார்ந்தது. பொய் இல்லை. மழை வருகிற மாதிரி காற்று அடித்துக்கொண்டிருந்தது, கன்றைக் கொண்டுவந்து பிஸ்கட்டின் முகத்துக்கு நேரே கட்டியிருந்தோம். திடீரென்று எனக்குக் கீழே மூஞ்சி இறங்கிற்று. கெட்டியாக, அசையாமல். "ஐயோ, நிக்குதுங்க!" என்று நான்தான் முதலில் அலறினேன். "நிக்குது! நிக்குது! ஏய் பிஸ்கட்டு!" என்று அவரும் கத்தினார், மாது விசில் அடித்தான். ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கிற நேரம் இருந்திருக்குமா? அவ்வளவுதான். மறுபடி டயர் துடிக்க ஆரம்பித்தது. ஆனாலும் அன்றைக்கு இராத்திரி அவர் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். நான் படுத்தபடியே கன்றுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன், பைத்தியக்காரி.

அதற்கப்புறம் நாளுக்கு நாள் மோசம்தான். தீனி எடுக்கவில்லை. தொடையில் புண் வந்தது. ஒரு காலையில் வழக்கம்போலத் தூக்கினோம். தூக்கும்போதே எனக்குக் கீழே வண்டி எப்போதையும்விட அதிகமாகக் கிளம்பிற்று. உயிருள்ளது தொங்கும்போது கொஞ்சம் உதறும், கொஞ்சம் மூச்சு விடும், அந்த அசைவெல்லாம் பானட் வரைக்கும் வரும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. வெறும் பாரம். மாது வாலை விட்டுவிட்டுத் தள்ளிப்போய் நின்றது பக்கவாட்டில் எனக்குத் தெரிந்தது.

நான் கேட்கவே இல்லை. அவராகவே சொன்னார்.

"நிக்குதும்புள்ள."

திரும்பவில்லை. காது சிவந்திருந்தது.

"எறக்குங்க" என்றேன்.

"நிக்குதுங்கறேன்ல. இன்னும் செத்த நேரம் நிக்கட்டும்."

"போதுங்க. எறக்குங்க."

லீவரைத் தள்ளாமலே உட்கார்ந்திருந்தார். டீசல் புகை அடித்துக்கொண்டிருந்தது, பானட் சூடு தாங்கமுடியவில்லை, நான் இறங்கவும் முடியாது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அப்புறம் மெல்லத் தள்ளினார். மூஞ்சி தரையில் உட்கார்ந்தது.

மாந்தோப்பு ஓரத்தில் ஜேசிபி வைத்துக் குழி எடுத்தார்கள். மாட்டை இழுத்துப்போக ஆள் கூப்பிடலாம் என்று மாது சொன்னான். "தரையில இழுக்கக் கூடாது. நானே தூக்கிக்கிட்டு வரேன்" என்றுவிட்டார் இவர். அதே பட்டை, அதே கொக்கி. தூக்கினால் முன்னால் பாரம் வேண்டுமே. நான் போய் ஏறி உட்கார்ந்தேன்.

வண்டி நகர்ந்தது. ஓட்டுகிறவர் பின்னால் பார்க்கமுடியாது, முன்னால்தான் பார்த்தாக வேண்டும். முன்னால் நான் இருந்தேன். மாது வழி காட்டிக்கொண்டு நடந்தான். இத்தனை வருஷம் அந்த பானட்டில் உட்கார்ந்தும், வண்டி ஓட்டும்போது அவருடைய முகத்தை நேருக்கு நேராக அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை. பாப்பாவை எடுத்தபோதுகூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவரை ஆம்பளைகள் பிடித்துக்கொண்டிருந்தார்கள், என்னைப் பொம்பளைகள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது எங்களுக்கு நடுவே ஸ்டியரிங் மட்டும்தான். அவர் முகம் கோணிக்கொண்டு போயிற்று. வாய் திறந்து திறந்து மூடிற்று. எஞ்சின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் உதட்டைப் பார்த்தால் தெரியாதா? பாப்பா, பாப்பா என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார். வரப்பு முழுக்க, தோப்பு முழுக்க, குழி வரும்வரைக்கும். நானும் சொன்னேன். நான் சொன்னதும் அவருக்குக் கேட்டிருக்காது.

குழி வந்ததும் எஞ்சினை நிறுத்தினார். லிஃப்ட் தானாக மெல்ல இறங்கிற்று. அவரும் வாயை மூடிக்கொண்டார்.

கன்று இப்போது மொரப்பூர் பக்கம் என் தங்கை வீட்டில் இருக்கிறது. அதுவே கன்று போட்டுவிட்டதாகச் சொன்னாள், நான் போய்ப் பார்க்கவில்லை. அரூர் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து வண்டியை வாங்கிக்கொண்டு போனார். தும்பிக்கை வேண்டாமென்று கழற்றிப் போட்டுவிட்டார், அதைப் பழைய இரும்புக்குப் போட்டோம். தொழுவத்தின் வழவழத் தரையில் புளி காயவைக்கிறோம். இவர் தேறிவிட்டார், சாப்பிடுகிறார், மாம்பழ மண்டியில் கணக்கு எழுதப் போகிறார். சாயங்காலம் வந்தால் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்க்கிறோம்.

அன்றைக்கு எஞ்சின் அவ்வளவு சத்தம் போட்டதால்தான் அவரால் பாப்பாவைக் கூப்பிட முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போது வண்டியும் இல்லை, மாடும் இல்லை, வீடு அவ்வளவு அமைதி. சில நாள் டிவியின் சத்தத்தை வேண்டுமென்றே கூட்டி வைத்துவிட்டு, ஓரக்கண்ணால் அவருடைய உதட்டைப் பார்ப்பேன். அசைவதில்லை. "எதுக்குப் புள்ள இவ்ளோ சத்தம்?" என்று கேட்டு ரிமோட்டை எடுத்துக் குறைத்துவிடுகிறார்.